மருந்துக்கு மசியாத கிருமி எப்படி உருவாகிறது?

"அந்த மாத்திரைய எம் பொண்ணு இதுவரைக்கும் சாப்பிட்டதே இல்ல தம்பி. அப்புறம் எப்படி உடம்புக்குப் பழகிப்போச்சுன்னு சொல்றாங்க?"

ரத்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்க வந்த ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. மகளுக்கு டைபாய்டு. அவர் கையில் இருந்த தாளில் மருந்துகளின் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. சிலவற்றுக்கு எதிரே 'எஸ்', சிலவற்றுக்கு எதிரே 'ஆர்'. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கட்டுப்படும். ஆர் என்றால் கட்டுப்படாது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரே ஆர் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு யாரோ அவரிடம் "உடம்புக்கு அந்த மருந்து பழகிப்போச்சு, அதான் கேக்கல" என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் வேலை பார்க்கிறேன். "பழகினது உங்க பொண்ணோட உடம்பு இல்லீங்கய்யா, உள்ள வந்த கிருமி. அது வரும்போதே அப்படித்தான் வந்திருக்கு" என்று சொன்னேன். பின்னால் வரிசை நின்றது. அதற்கு மேல் பேச நேரமில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார், ஆனால் முகத்தில் கேள்வி அப்படியேதான் இருந்தது. அவருக்கு உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். எல்லா மருந்துகளையும் எல்லாக் கிருமிகளையும் இழுக்காமல், டைபாய்டு என்ற ஒரே நோயைப் பிடித்துக்கொண்டு போகிறேன். கிருமிகள் மருந்தை மீறுவதற்கு எத்தனை வழிகள் உண்டோ அநேகமாக அத்தனையையும் இந்த ஒரு கிருமியே செய்து காட்டிவிட்டது.

தட்டில் தெரிவது

முதலில், அந்த எஸ்ஸும் ஆரும் எங்கிருந்து வருகின்றன என்று பார்ப்போம். நோன்புக் காலத்தில் பல வீடுகளில் கடல்பாசி காய்ச்சி இனிப்பு செய்வார்கள் அல்லவா? அதே அகர்தான் எங்கள் லேபிலும். சத்துகள் கலந்து காய்ச்சி, உள்ளங்கை அளவு வட்டத் தட்டில் ஊற்றினால் வெளிறிய வைக்கோல் நிறத்தில் உறைந்துவிடும். நோயாளியின் ரத்தத்திலிருந்து வளர்த்தெடுத்த கிருமியைப் பஞ்சுக் குச்சியால் அதன்மேல் இடைவெளி விடாமல் தடவுவோம். பிறகு சட்டைப் பொத்தானைவிடச் சிறிய காகித வில்லைகளை ஆங்காங்கே வைப்போம். ஒவ்வொரு வில்லையிலும் ஒரு மருந்து ஊறியிருக்கும். உடல் சூட்டில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடுத்தால், தட்டு முழுக்கக் கிருமி மெல்லிய ஆடைபோலப் படர்ந்திருக்கும். சில வில்லைகளைச் சுற்றி மட்டும் தெளிவான வட்டம் விழுந்திருக்கும். அங்கே மருந்து கிருமியை வளரவிடவில்லை. ஸ்கேல் வைத்து அந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்போம். வட்டம் போதுமான அளவு அகலமாக இருந்தால் எஸ். சுருங்கியோ இல்லாமலோ இருந்தால் ஆர்.

இந்தச் சோதனையில் நோயாளியின் உடம்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். தட்டு, கிருமி, மருந்து மூன்று மட்டும்தான். மருந்து 'கேட்காமல்' போவது கிருமியின் குணம். அதனால்தான் வாழ்நாளில் ஒரு ஆன்டிபயாடிக்கூடச் சாப்பிடாத பச்சைக் குழந்தைக்கும், எந்த மருந்துக்கும் அடங்காத தொற்று வரக்கூடும். எங்கள் வேலையில் மனதை மிகவும் அறுப்பது அந்த ரிப்போர்ட்டுகள்தான்.

இங்கே 'கிருமி' என்று நான் சொல்வது பாக்டீரியாவை மட்டும். சளி, ஃப்ளூ, டெங்கு இவற்றைத் தருபவை வைரஸ்கள்; ஆன்டிபயாடிக்குக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு ராத்திரியில் நூறு கோடி

பாக்டீரியா ஒற்றை செல் உயிர். வளர்ந்து, தன் டி.என்.ஏ.வை ஒரு நகல் எடுத்து, இரண்டாகப் பிரியும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்து மணி நேரத்தில் முப்பது முறை இரட்டித்தால் கணக்கு 107 கோடியைத் தாண்டும். சாயங்காலம் ஒன்று, விடிந்தால் நூறு கோடி.

அதன் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். ஒவ்வொரு முறை பிரியும்போதும் இத்தனையையும் பார்த்து எழுத வேண்டும். வியக்கத்தக்க அளவுக்குப் பிழையில்லாமல்தான் எழுதுகிறது. தோராயமாக ஆயிரம் முறை நகலெடுத்தால் ஒரே ஒரு எழுத்து தவறும். ஆனால் நூறு கோடி நகல்கள் என்றால்? பத்து லட்சம் பிழைகள். பெரும்பாலானவற்றால் எந்த விளைவும் இல்லை. சில அந்த பாக்டீரியாவையே கொன்றுவிடும். எங்கோ ஒன்றிரண்டு மட்டும், மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தைச் சற்றே மாற்றி அமைத்துவிடும். மருந்து இல்லாத வரைக்கும் அந்த மாற்றத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது. மருந்து வந்ததும் மற்றவை எல்லாம் சாக, அந்த ஒன்று நிற்கும். நின்றதற்கு இப்போது போட்டியும் இல்லை, இடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பஞ்சமும் இல்லை. மறுநாள் காலையில் அதுவே நூறு கோடி.

வயலில் ஒரே களைக்கொல்லியை அடித்துக்கொண்டே இருந்தால் சில வருடங்களில் அதற்குச் சாகாத புல் மட்டும் மண்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. களைக்கொல்லி அந்தப் புல்லை உருவாக்கவில்லை. கூட்டத்தில் ஒளிந்திருந்ததைச் சலித்து எடுத்துக் கொடுத்தது.

'மருந்தைப் பார்த்துப் பார்த்துக் கிருமி கற்றுக்கொள்கிறது' என்று பலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடப்பது அதுவல்ல. இதை அழகாக நிரூபித்துக் காட்டியவர்கள் அமெரிக்காவின் ஜோஷுவா லெடர்பர்க், எஸ்தர் லெடர்பர்க் தம்பதி. 1952இல் வெளிவந்த அவர்கள் சோதனைக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டு வெல்வெட் துணி. மருந்தே இல்லாத தட்டில் பாக்டீரியாக்களைப் புள்ளி புள்ளியாகக் குடியிருப்புகளாக வளரவிட்டார்கள். வெல்வெட்டை அதன்மேல் மெதுவாக ஒற்றி எடுத்தார்கள். ரப்பர் ஸ்டாம்பு மையை எடுப்பதுபோல, துணியின் இழைகளில் எல்லாப் புள்ளிகளும் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டன. அந்தத் துணியை மருந்து கலந்த வேறு தட்டுகளில் வரிசையாக ஒற்றினார்கள். எல்லாத் தட்டுகளிலும் அதே இடத்தில் இருந்த அதே புள்ளி மட்டும் பிழைத்தது. பிறகு முதல் தட்டுக்குத் திரும்பி, அந்த இடத்தில் இருந்ததை எடுத்துச் சோதித்தால், அதற்கும் அந்த மருந்தை மீறும் திறன் இருந்தது. இத்தனைக்கும் அது மருந்தின் வாசனையைக்கூடக் கண்டதில்லை.

இன்னும் ஆழமாகப் போனால், இந்தத் திறன் மனிதர்களுக்கு முன்பே இருந்தது. நம் ஆன்டிபயாடிக்குகளில் பலவும் மண்ணில் வாழும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் தங்களுக்குள் நடத்தும் போரின் ஆயுதங்கள். ஆயுதம் இருக்கும் இடத்தில் கேடயமும் இருக்கும். கனடாவின் வடமேற்கே 30,000 ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண்ணிலிருந்து, மருந்தை மீறும் மரபணுக்களை எடுத்ததாக 2011இல் ஓர் ஆய்வு வந்தது. பென்சிலினை உடைக்கும் நொதியை 1940லேயே, அதாவது அந்த மருந்து மக்கள் கைக்கு வருவதற்கு முன்பே, ஆக்ஸ்ஃபோர்டில் கண்டுபிடித்துவிட்டார்கள்.

டைபாய்டின் கதை

1948. கோலாலம்பூர். உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு புதிய மருந்தை அமெரிக்க மருத்துவர்கள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். வெனிசுலாவின் மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து கிடைத்த குளோராம்பெனிகால் அது. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு இருந்தது உண்மையில் டைபாய்டு. அவர்களும் குணமானார்கள்! அதுவரை டைபாய்டுக்கு மருந்தே கிடையாது. வாரக்கணக்கில் காய்ச்சல், குடலில் ஓட்டை, பத்தில் ஒருவர், சில இடங்களில் அதற்கும் மேல், சாவு. நம் தாத்தா பாட்டிகள் அந்தக் காய்ச்சலின் பெயரைச் சொல்லவே பயந்ததற்குக் காரணம் உண்டு. தவறுதலாகக் கொடுத்த அந்த மருந்து அதை மாற்றியது.

குளோராம்பெனிகால் செய்வது இது. பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் சின்னச் சின்ன ஆலைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ரைபோசோம் என்று பெயர். மருந்து அதன் வாயில் போய் அடைத்துக்கொள்ளும். புரதம் இல்லாமல் பாக்டீரியா வளராது. சுமார் இருபது வருடம் இந்த ஒரு மருந்தை வைத்தே உலகம் டைபாய்டைச் சமாளித்தது.

1972இல் இரண்டு இடங்களில் அது உடைந்தது. ஒன்று மெக்சிகோ. இன்னொன்று நம் பக்கத்துக் கேரளத்தின் கோழிக்கோடு. அங்கே கிடைத்த டைபாய்டு கிருமிகளிடம் ஒரு நொதி இருந்தது. குளோராம்பெனிகால் உள்ளே வந்ததும் அதன் மேல் ஒரு சிறு வேதிக் கட்டியை ஒட்டிவிடும். அதற்குப் பிறகு மருந்தால் ரைபோசோமில் பொருந்த முடியாது. பூட்டுக்குள் போக வேண்டிய சாவியில் அரக்கை ஒட்டினால் என்ன ஆகுமோ அதுதான்.

நன்றாக வேலை செய்யும் ஒரு முழு நொதி, எழுத்துப் பிழையால் ஒரே ராத்திரியில் வந்துவிடாது. கற்பனைக்கெட்டாத காலம் பிடிக்கும். அப்படியானால் டைபாய்டு கிருமிக்கு அது எங்கிருந்து வந்தது? கடன் வாங்கியது.

பாக்டீரியாக்களிடம் தங்கள் முதன்மை டி.என்.ஏ. போக, சிறு சிறு டி.என்.ஏ. வளையங்களும் இருக்கும். பிளாஸ்மிட் என்று பெயர். இவற்றை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கொடுக்கும். இரண்டும் நெருங்கி வரும்போது ஒன்று மெல்லிய குழல்போல ஒரு நீட்சியை நீட்டி மற்றதைப் பிடித்து இழுக்கும். ஒட்டிய இடத்தின் வழியே வளையத்தின் நகல் போய்ச்சேரும். கொடுத்ததுக்கும் குறைவில்லை, இப்போது இரண்டிடமும் ஒவ்வொரு வளையம். இதில் என்னை இன்றைக்கும் திகைக்க வைப்பது, கொடுப்பதும் வாங்குவதும் ஒரே இனமாகக்கூட இருக்க வேண்டியதில்லை என்பதுதான். குடலில் சாதுவாக வாழும் ஈ.கோலை, நோய் தரும் டைபாய்டு கிருமிக்கு ஒரு வளையத்தைக் கொடுத்துவிடும். நம்மிடையே ஒரு நல்ல குணம் தாயிடமிருந்து பிள்ளைக்குத்தான் போகும். பாக்டீரியாக்களிடம் அது தெருவில் எதிரே வந்தவருக்கும் போகும். 1950களில் ஜப்பானில் சீதபேதிக் கிருமிகள் ஒரே வீச்சில் நான்கு மருந்துகளை மீறத் தொடங்கியபோதுதான், அங்கிருந்த ஆய்வாளர்கள் இந்தப் பரிமாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான கேடயங்கள் வரிசையாக ஏறி உட்கார்ந்திருக்கும். ஒரு மருந்தைக் கொடுத்தால் போதும், அந்த வளையம் முழுவதும் பிழைக்கும். கொடுக்காத மற்ற மருந்துகளுக்கான கேடயங்களும் சேர்ந்தே பிழைக்கும்.

டைபாய்டுக்கும் அதுதான் நடந்தது. குளோராம்பெனிகாலுக்கு மாற்றாக ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் என்று மருத்துவர்கள் போனார்கள். ஆம்பிசிலின், பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கட்டும் நொதிகளில் போய்ச் சிக்கிக்கொள்ளும் மருந்து. சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடித்துவிடும். (நம் செல்களுக்கு அப்படிச் சுவரே இல்லை, அதனால் நமக்குப் பாதிப்பில்லை.) அந்த மருந்தைக் கத்தரித்துப் போடும் நொதி வளையத்தில் ஏறியது. கோட்ரைமாக்சசோல், பாக்டீரியா தனக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தயாரிப்பதைத் தடுக்கும் மருந்து; தடைபடாத மாற்று நொதி ஒன்றும் அதே வளையத்தில் ஏறியது. 1980களின் கடைசியில் இந்தியாவில் மூன்று மருந்துக்கும் கட்டுப்படாத டைபாய்டு பரவத் தொடங்கியது.

அப்போது கைகொடுத்தது சிப்ரோஃப்ளாக்சசின். வாயால் சாப்பிடலாம், வேகமாகக் காய்ச்சல் இறங்கும், விலையும் போகப்போகக் குறைந்தது. அதனால் எல்லாவற்றுக்கும் அதையே எழுதினார்கள், எழுதாமலும் விற்றார்கள். பாக்டீரியாவின் டி.என்.ஏ. நூல்கண்டுபோல முறுக்கிக் கிடக்கும். அதைச் சிக்கில்லாமல் வைத்துக்கொள்ளும் ஒரு நொதியைச் சிப்ரோ பிடித்துக்கொள்ளும். இதை மீற வளையம் எதுவும் தேவைப்படவில்லை. டைபாய்டு கிருமியின் 48 லட்சம் எழுத்துகளில் ஒன்றே ஒன்று மாறினால் போதும். அந்த நொதியில் 83ஆவது இடத்தில் சீரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். எழுத்து மாறியதால் அங்கே ஃபினைல்அலனின் வந்து உட்கார்ந்தது. சிப்ரோவின் பிடி தளர்ந்தது. முழுசாக விடுபடவில்லை, தளர்ந்தது. அடுத்தடுத்த பிழைகள் சேரச்சேர இன்னும் தளரும்.

இப்படிப் படிப்படியாக ஏறுவதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டு, 2016இல் ஹார்வர்டில் இரண்டடிக்கு நாலடித் தட்டு ஒன்றைச் செய்தார்கள். ஓரத்தில் மருந்தே இல்லை. உள்ளே போகப்போகப் பட்டை பட்டையாக மருந்து பல மடங்கு கூடும். நடுவில் ஆயிரம் மடங்கு. ஓரத்தில் விட்ட ஈ.கோலை முதல் எல்லையில் வந்து நின்றது. சிறிது நேரத்தில் ஏதோ ஓரிடத்திலிருந்து மட்டும் ஒரு கிளை முளைத்து அடுத்த பட்டைக்குள் விசிறிபோல விரிந்தது. அங்கே நின்று, மீண்டும் ஒரு கிளை. பத்துப் பன்னிரண்டு நாட்களில் நடுவில் இருந்தது. அதன் வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரிணாமத்தைப் புரிய வைக்க அதைவிட நல்ல இரண்டு நிமிடம் எனக்குத் தெரியாது.

கத்தரிக்கோல் வெட்டிய ஆறு மாத்திரை

இனி மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். "அண்ணே, சளி, காய்ச்சல், மேலெல்லாம் வலி. நாளைக்கு வேலைக்குப் போகணும்." கடைக்காரர் அட்டையை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார். காய்ச்சலுக்கு ரெண்டு, சளிக்கு ரெண்டு, நடுவில் ஓர் ஆன்டிபயாடிக் ரெண்டு. சின்னக் காகித உறையில் போட்டு, காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று கோடு கிழித்துக் கொடுக்கிறார். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். ஆன்டிபயாடிக் அட்டையை அடையாளம் காட்டச் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு போட்டிருப்பார்கள், மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று அரசு 2016இல் அதற்கு விளம்பரமும் செய்தது. அந்தக் கோடும் மிச்ச அட்டையோடு கடையிலேயே நின்றுவிடும்.

வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. டாக்டரைப் பார்க்க அரை நாள் கூலி போகும். மறுநாள் தானாகவே சளி குறையும். மாத்திரைதான் குறைத்தது என்று தோன்றும். ஆனால் உள்ளே என்ன நடந்தது? சளிக்குக் காரணமான வைரஸை அந்த மாத்திரை தொடக்கூட இல்லை. அது போய்ச் சேர்ந்தது குடலுக்கு. ஒரு மனித உடம்பில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று மதிப்பிடுகிறார்கள். அநேகமாக எல்லாம் பெருங்குடலில். அந்தக் கூட்டத்தில் மருந்துக்குச் சாகிறவை செத்தன. கேடய வளையம் வைத்திருந்தவை பெருகின. அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியவில்லை. ஆனால் அவர் கழிவோடு அந்த வளையங்கள் வெளியே போகின்றன, சாக்கடைக்கும் கிணற்றடிக்கும். அவரே ஆறு மாதம் கழித்துச் சிறுநீர்த் தொற்றோடு வந்தால், தொற்றை உண்டாக்கியது பெரும்பாலும் அந்தக் குடல் ஈ.கோலையாகவே இருக்கும்.

மருந்தை மீறும் குணம் நோய்க் கிருமியிடம் மட்டும் வளர்வதில்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மற்ற கோடிக்கணக்கானவற்றிடமும் வளர்ந்து, பிறகு நோய்க் கிருமிக்குக் கைமாறுகிறது. பொதுவாக விட்டுப்போகும் பாதி இதுதான்.

மனிதர் சாப்பிடுவதோடு முடியவில்லை. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீர், சுத்திகரித்த பிறகும், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோவைச் சுமந்திருந்ததாக 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. கோழித் தீவனத்தில் கொலிஸ்டின் கலந்தார்கள். மற்ற எல்லாம் தோற்ற பிறகு ஐ.சி.யு.வில் கடைசியாக எடுக்கும் மருந்து அது. அதை மீறும் மரபணு வளையத்திலேயே ஏறிவிட்டது என்று 2015இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. 2019இல் இந்தியா, உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்கு அதைக் கொடுப்பதைத் தடை செய்தது. சரியான முடிவு, இன்னும் முன்பே வந்திருக்கலாம்.

சென்னைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கார்பபெனெம் என்ற வலிமையான மருந்துக் குடும்பத்தையே உடைக்கும் 'நியூடெல்லி' நொதியை 2008இல் ஸ்வீடனில் ஒரு நோயாளியிடம் கண்டார்கள். அதற்கு முன் அவர் புதுடெல்லியில் சிகிச்சை பெற்றிருந்தார். அது எவ்வளவு பரவியிருக்கிறது என்று 2010இல் வெளிவந்த ஆய்வின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. பெயரைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. பெயர் என்னவாக இருந்தாலும், அந்த மரபணு டெல்லியின் தேங்கிய நீரிலும் இரண்டு குழாய்த் தண்ணீர் மாதிரிகளிலும் இருந்தது என்று அடுத்த வருடமே தெரிந்தது. 2012இல் சென்னையில் மருத்துவ அமைப்புகள் கூடி, மருந்தை மீறும் கிருமிகளைச் சமாளிக்க ஒரு பிரகடனம் தயாரித்தன. 2014 மார்ச் முதல், குறிப்பிட்ட சில ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டுதான் விற்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்தப் பதிவேடு எல்லாக் கடையிலும் ஒழுங்காக நிரம்பினால் என் தட்டுகளில் வட்டங்கள் இன்னும் பெரிதாக இருக்கும் என்று நம்புகிறேன்.

கோர்ஸை முடிக்க வேண்டுமா?

எல்லோரும் கேட்கும் கேள்வி. நேர்மையான பதில் இரண்டு பகுதி.

காசநோய்க்குக் கட்டாயம் முடிக்க வேண்டும், அதுவும் எல்லா மாத்திரைகளையும் சேர்த்து. காரணம் வெறும் கணக்கு. நுரையீரலில் குழி விழுந்த ஒருவருக்குள் பத்து கோடிக்கு மேல் காசநோய்க் கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட் என்ற மருந்தை மீறுவது தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒன்று இருக்கும். அதாவது அந்த மருந்தை மட்டும் கொடுத்தால், மீறும் நூறு கிருமிகள் முதல் நாளே உள்ளே தயார். ரிஃபாம்பிசினை மீறுவது பத்துக் கோடியில் ஒன்று. இரண்டையும் ஒருசேர மீறுவது? இரண்டையும் பெருக்குங்கள், நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி ஒரு உடம்பில் இருக்கவே முடியாது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோது நோயாளிகள் முதலில் தேறி, சில மாதங்களில் மறுபடி விழுந்தார்கள். அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் கூட்டு மருந்து. இடையில் ஒரு மாத்திரையை மட்டும் 'சூடு பண்ணுது' என்று நிறுத்துகிறவர், அந்தப் பெருக்கலைத் தானே பிரித்துவிடுகிறார்.

மற்ற சாதாரணத் தொற்றுகளுக்கு எத்தனை நாள் வேண்டும் என்பதை மருத்துவ உலகம் மறுபடி அளந்துகொண்டிருக்கிறது. பல தொற்றுகளுக்குப் பழைய பத்து நாள் தேவையில்லை, ஐந்து நாளே போதும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாள் கூடக்கூட, குடலில் வேடிக்கை பார்க்கும் பாக்டீரியாக்கள் சலிக்கப்படும் நாளும் கூடும். அதனால் நீங்களாகக் குறைக்காதீர்கள், நீங்களாக நீட்டவும் வேண்டாம். எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டு, அத்தனை நாள் சாப்பிடுங்கள். மிச்சமான மாத்திரையை அலமாரியில் வைத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

திரும்பி வந்த வட்டம்

டைபாய்டுக்குத் திரும்புகிறேன். சிப்ரோ தளர்ந்த பிறகு செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் அசித்ரோமைசின் மாத்திரையும் மிஞ்சின. 2016 கடைசியில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், அங்கேயும் ஒரு ஹைதராபாத் உண்டு, அந்த ஊரில் செஃப்ட்ரியாக்சோனும் போயிற்று. ஏற்கெனவே மூன்று மருந்துகளை மீறிய டைபாய்டு கிருமி ஒரு புதிய வளையத்தை வாங்கியிருந்தது. அதன் எழுத்துகளைப் படித்துப் பார்த்தபோது, ஈ.கோலையிடம் ஏற்கெனவே கண்டிருந்த வளையத்தோடு ஏறக்குறைய அச்சாக ஒத்துப்போனது. வாயால் சாப்பிட வழக்கமான மருந்துகளில் நம்பகமாக நின்றது அசித்ரோமைசின் ஒன்றுதான். கோவிட் காலத்தில், வைரஸ் நோய்க்கு, வீடு வீடாகச் சாப்பிட்ட அதே அசித்ரோமைசின்.

அங்கே செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், புது மருந்துக்காகக் காத்திருக்கவில்லை. நம் ஊர் ஹைதராபாத்தில் தயாரான டைபாய்டு தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2017 கடைசியில் அங்கீகரித்திருந்தது. 2019இல் பாகிஸ்தான் அதைக் குழந்தைகளின் வழக்கமான தடுப்பூசிப் பட்டியலில் சேர்த்தது. உலகிலேயே முதல் நாடு. நோயே வராத குழந்தைக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். ஆன்டிபயாடிக் போகாத குடலில், மீறும் கிருமிகளைச் சலித்தெடுப்பதும் நடக்காது. நல்ல கழிப்பறையும் சாக்கடை கலக்காத குடிநீரும் செய்வது இதையேதான். கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் வழியை அடைத்தால், அது வைத்திருக்கும் வளையத்துக்கும் வழி அடைபடும்.

இன்னொன்றும் நடந்தது, என் கண் முன்னாலேயே தெரிவது. பிளாஸ்மிட் வளையத்தைச் சுமப்பது கிருமிக்கு இலவசம் அல்ல. ஒவ்வொரு முறை பிரியும்போதும் அதையும் நகலெடுக்க வேண்டும், அதிலுள்ள நொதிகளைத் தயாரிக்க வேண்டும். மருந்து இருக்கும்வரை அந்தச் செலவுக்குப் பலன் உண்டு. குளோராம்பெனிகால், எலும்பு மஜ்ஜையை அபூர்வமாகக் கெடுக்கும் என்பதாலும் கேட்காமல் போனதாலும், டைபாய்டுக்கு எழுதுவதே குறைந்துபோனது. ஆம்பிசிலினும் கோட்ரைமாக்சசோலும் அப்படியே. பல வருடங்களில் வளையம் இல்லாத டைபாய்டு கிருமிகள் இந்தியாவில் மீண்டும் மேலே வந்தன. இன்று ஒரு டைபாய்டு தட்டை எடுத்தால், 1990இல் ஆர் என்று எழுதியிருக்கக்கூடிய குளோராம்பெனிகால் வில்லையைச் சுற்றிப் பெரும்பாலும் நல்ல அகலமான, தெளிவான வட்டம்.

அதே தட்டில், சிப்ரோவின் மூத்த உறவான நாலிடிக்சிக் அமில வில்லையைச் சுற்றி வட்டமே இருக்காது. கிருமி வில்லையின் விளிம்புவரை வந்து ஒட்டி வளர்ந்திருக்கும். சிப்ரோவின் வட்டமும் சுருங்கித்தான் கிடக்கும். அந்த 83ஆவது இடத்து மாற்றத்தைச் சுமக்க டைபாய்டு கிருமிக்குச் செலவு எதுவும் ஆவதாகத் தெரியவில்லை. அதனால் அதைக் கீழே போட அதற்கு ஒரு காரணமும் இல்லை. பெரியவரின் மகளுக்கு, அவள் ஒருநாளும் சாப்பிடாத மாத்திரைக்கு எதிரே, ஆர் என்று நான் எழுதியது அந்த வட்டத்தை அளந்துதான்.